வகை இம்போர்ட்டுகளை நீக்குதல்: ஊகமா, அறிவிப்பா?

டைப்ஸ்கிரிப்டில் எழுதிய நிரல் எழுதியபடியே உலாவியில் ஓடாது. அதிலுள்ள வகைக் குறிப்புகளை முதலில் களைய வேண்டும். களைந்தபின் எஞ்சும் ஜாவாஸ்கிரிப்ட்தான் ஓடும். ஒரு மாறியின் பக்கத்தில் எழுதிய வகையைக் களைவது எளிது. அந்த வகையை வேறொரு கோப்பிலிருந்து கொண்டுவந்த இம்போர்ட் வரியைக் களைவதில்தான் சிக்கல். அந்த வரி வகைக்காக மட்டும் எழுதப்பட்டதா, நிரல் ஓடும்போதும் தேவைப்படுமா என்று யாராவது தீர்மானிக்க வேண்டும். தீர்மானம் பிழைத்தால், இருக்க வேண்டிய வரி போய்விடும். இல்லாவிட்டால் போக வேண்டிய வரி தங்கி நிரலைக் கவிழ்த்துவிடும்.

2012ஆம் ஆண்டு டைப்ஸ்கிரிப்ட் வெளிவந்தது முதல் இன்றுவரை, இந்தத் தீர்மானத்தை எடுப்பது கம்பைலரா, எழுதுபவரா என்ற கேள்விக்குப் பதில் பலமுறை மாறியிருக்கிறது. அந்த மாற்றங்களை ஒழுங்காகத் தொகுத்து, இன்று எந்த வழி சரி என்று சொல்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம். பதுளையில் 2005இல் தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கும் மாணவர்களையும், ஸ்பிரிங்வெளி போன்ற நமுனுகுலைச் சரிவுத் தோட்டங்களில் லயத்து அறையில் பழைய மடிக்கணினி ஒன்றை வைத்துக்கொண்டு தாமாகவே நிரல் பழகும் பிள்ளைகளையும் மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். இந்த வகைப் பிழை வந்தால் அவர்கள் ஒரு முழுநாளை இழக்கிறார்கள். காரணம் தெரிந்தவர்களுக்கு அது ஒரு சொல்லில் தீரும் வேலை.

வகை எதுவரை வாழ்கிறது

ஜாவாஸ்கிரிப்டில் இல்லாத வகைச் சரிபார்ப்பைச் சேர்க்க மைக்ரோசொப்ட் நிறுவனம் உருவாக்கிய மொழி டைப்ஸ்கிரிப்ட். அதன் தலைமை வடிவமைப்பாளர் அன்டர்ஸ் ஹேல்ஸ்பெர்க். ஒரு மாறியில் எண் இருக்க வேண்டுமா, எழுத்து இருக்க வேண்டுமா, ஒரு பொருளில் எந்தெந்தப் புலங்கள் இருக்க வேண்டும் என்பதையெல்லாம் எழுதும்போதே சொல்லிவிடலாம். கம்பைலர் அவற்றைச் சரிபார்த்துப் பிழை காட்டும். சரிபார்ப்பு முடிந்ததும் வகைகளுக்கு வேலை இல்லை. இன்டர்பேஸ், வகைப் பெயர் ஆகியவற்றின் சுவடே வெளிவரும் ஜாவாஸ்கிரிப்டில் இருக்காது.

ஆனால் எல்லாப் பெயரும் இப்படி மறைந்துவிடுவதில்லை. செயற்கூறும் மாறியும் ஓடும் நேரத்தில் மதிப்புகளாக இருக்கும். கிளாஸ் இரண்டு பக்கமும் நிற்கும்: வகையாகவும் பயன்படும், மதிப்பாகவும் ஓடும். எனம் எனப்படும் வரிசைப் பெயர்த் தொகுதியும் அப்படியே. ஆகவே ஒரு பெயரை வெளியே நின்று பார்த்து மட்டும் அது மறையுமா, நிற்குமா என்று சொல்ல முடியாது. அது எங்கே அறிவிக்கப்பட்டிருக்கிறது என்று போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

2015இல் வந்த ஜாவாஸ்கிரிப்ட் தரநிலை, கோப்புகளை மொடியூல்களாகப் பிரித்து இம்போர்ட், எக்ஸ்போர்ட் வரிகளால் இணைக்கும் முறையை மொழிக்குள்ளேயே கொண்டுவந்தது. அந்த முறையின் விதி கண்டிப்பானது. நிரலின் முதல் வரி ஓடுவதற்கு முன்பே, கேட்கப்பட்ட ஒவ்வொரு பெயரும் உரிய கோப்பில் இருக்கிறதா என்று இயந்திரம் பார்க்கும். ஒரு பெயர் இல்லாவிட்டாலும் எதுவும் ஓடாது. வகைகள் மறைந்துபோகும் மொழியும், பெயர் இல்லாவிட்டால் நின்றுவிடும் மொடியூல் முறையும் சந்திக்கும் இடத்தில்தான் நம் கேள்வி பிறக்கிறது.

ஒரு தோட்டக் கணக்கு

ஒரு சிறு நிரலை எடுத்துக்கொள்வோம். தோட்டத்தில் நாளாந்தம் நிறுத்த கொழுந்தைப் பதிந்து சம்பளம் கணக்கிடும் நிரல். முதல் கோப்பின் பெயர் ‘கொழுந்து’. அதில் ‘பறிப்பு’ என்ற இன்டர்பேஸ் இருக்கிறது. தொழிலாளியின் பெயர், கிலோ, திகதி என்பவை அதன் புலங்கள். அதே கோப்பில் ‘பேர்க்கணக்கு’ என்ற செயற்கூறும் உண்டு. பறித்த கிலோவைப் பார்த்து அன்றைக்கு முழுப்பேரா (முழுநாள் கூலி), அரைப்பேரா (அரைநாள் கூலி) என்று சொல்வது அதன் வேலை.

இரண்டாவது கோப்பு ‘சம்பளம்’. அது முதல் கோப்பிலிருந்து பறிப்பு, பேர்க்கணக்கு இரண்டையும் ஒரே வரியில் இம்போர்ட் செய்கிறது. டைப்ஸ்கிரிப்ட் கம்பைலர் இரண்டு கோப்பையும் படித்துப் பார்க்கும். பறிப்பு ஒரு இன்டர்பேஸ், ஓடும் நேரத்தில் அதற்கு வேலை இல்லை என்று கண்டுகொள்ளும். ஆகவே வெளியீட்டில் அந்த வரியிலிருந்து பறிப்பை எடுத்துவிட்டுப் பேர்க்கணக்கை மட்டும் விடும். சம்பளக் கோப்பு பறிப்பை மட்டுமே கேட்டிருந்தால் வரி முழுவதும் போய்விடும். எழுதியவர் எதையும் சொல்லவில்லை, கம்பைலரே புரிந்துகொண்டது. தொடக்க ஆண்டுகளில் எல்லோருக்கும் இது வசதியாகவே இருந்தது.

மூன்றாவது கோப்பு ‘அட்டவணை’. அதற்கென்று சொந்த வேலை எதுவும் இல்லை. கொழுந்துக் கோப்பிலிருந்து பறிப்பு, பேர்க்கணக்கு இரண்டையும் வாங்கி அப்படியே வெளியே எக்ஸ்போர்ட் செய்கிறது. பெரிய திட்டங்களில் இப்படி ஒரு முகப்புக் கோப்பு வைப்பது வழக்கம். இதையும் டைப்ஸ்கிரிப்ட் கம்பைலர் சரியாகவே கையாளும். கொழுந்துக் கோப்பைத் திறந்து பார்க்கும் உரிமை அதற்கு இருக்கிறது.

அந்த உரிமை இல்லாத ஒரு கருவியிடம் அட்டவணைக் கோப்பைக் கொடுத்தால் என்ன ஆகும்? அதன் கண்ணில் படுவது இரண்டு பெயர்கள் மட்டுமே. பறிப்பு வகையா, மதிப்பா என்று அறிய அந்தக் கோப்பில் ஒரு தடயமும் இல்லை. கருவி இரண்டையும் வைத்துக்கொள்ளும். நிரலை ஓட்டினால், கொழுந்து மொடியூலில் பறிப்பு என்ற பெயரில் எக்ஸ்போர்ட் எதுவும் இல்லை என்று இயந்திரம் சொல்லி நின்றுவிடும். கோப்புகளை ஒன்றாகக் கட்டும் வெப்பேக் போன்ற பண்ட்லர் நடுவில் இருந்தால் அதே செய்தி எச்சரிக்கையாகத் திரையில் ஓடும். பழைய கொமன்ஜேஎஸ் மொடியூல் முறையில் என்றால் பிழையே வராமல், அந்தப் பெயரில் வெறுமை மட்டும் இருக்கும். எழுதியவர் கொழுந்துக் கோப்பைத் திறந்து பார்ப்பார். பறிப்பு அங்கேயே கண்முன் நிற்கும். ‘இருக்கிறதை இல்லை என்கிறதே’ என்று குழம்புவார். டைப்ஸ்கிரிப்ட் கோப்பில் இருப்பது ஜாவாஸ்கிரிப்ட் கோப்பில் இல்லை என்பது அந்த நேரத்தில் மனதுக்கு எட்டாது.

ஒவ்வொரு கோப்பாக மாற்றும் கருவிகள்

மற்றக் கோப்புகளைத் திறந்து பார்க்காத கருவியை ஏன் செய்தார்கள்? வேகத்துக்காக. ஒரு கோப்பை மாற்ற எல்லாக் கோப்பையும் படிக்க வேண்டும் என்றால், திட்டம் வளர வளரக் காத்திருப்பும் வளரும். ஒவ்வொரு கோப்பையும் தனியே மாற்றலாம் என்றால் பல கோப்புகளை ஒரே நேரத்தில் மாற்றலாம்; மாறாத கோப்பின் பழைய வெளியீட்டை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். நினைவகம் குறைந்த பழைய கணினியில் வேலை செய்பவருக்கு இந்த வேறுபாடு பெரியது. ஒரு எழுத்தை மாற்றிவிட்டு விளைவைப் பார்க்க அரை நிமிடம் காத்திருப்பவர் சீக்கிரம் சலித்துவிடுவார்.

இந்த வழிக்கு டைப்ஸ்கிரிப்டே 2015இல், 1.5ஆம் பதிப்பில் ‘ஐசொலேட்டட் மொடியூல்ஸ்’ என்ற தெரிவால் கதவு திறந்தது. ஒவ்வொரு கோப்பையும் தனித்து மாற்றினால் எந்த வரி பிழைக்குமோ அதைக் காட்டி எச்சரிப்பது அதன் வேலை. பெருவாரியானோர் இதைச் சந்தித்தது 2018இல்தான். அந்த ஆண்டு ஓகஸ்டில், ஜாவாஸ்கிரிப்டை மாற்றும் கருவியான பேபலின் 7ஆம் பதிப்பு வெளிவந்தபோது டைப்ஸ்கிரிப்டைப் படித்து வகைகளைக் களையும் வசதியும் கூடவே வந்தது. ஒக்டோபரில் ரியெக்ட் திட்டம் தொடங்கப் பலரும் பாவித்த கிரியேட் ரியெக்ட் ஆப் கருவி, 2.1ஆம் பதிப்பில் அதே பேபல் வழியாக டைப்ஸ்கிரிப்டை ஏற்றுக்கொண்டது. ஐசொலேட்டட் மொடியூல்ஸ் தெரிவையும் கட்டாயமாக்கியது.

பின்னர் வந்த கருவிகள் எல்லாம் இதே பாதையில் நடந்தன. எவன் வாலஸ் கோ மொழியில் எழுதிய இஎஸ்பில்ட், ரஸ்ட் மொழியில் எழுதப்பட்ட எஸ்டபிள்யூசி ஆகியவை பேபலைவிடப் பல மடங்கு வேகமானவை. இரண்டும் ஒவ்வொரு கோப்பாகவே மாற்றும். வூ கட்டமைப்பை உருவாக்கிய எவன் யூ 2020இல் கொண்டுவந்த வீட், டைப்ஸ்கிரிப்டை மாற்ற இஎஸ்பில்டைப் பாவித்தது. வகைச் சரிபார்ப்பைத் தனியாக, வகை களைவதைத் தனியாகச் செய்வது இப்போது பொது வழக்கமாகிவிட்டது.

ஊகம் பிழைக்கும் இடங்கள்

கோப்பை மட்டும் பார்க்கும் கருவி ஒரு ஊக விதியைக் கடைப்பிடிக்கிறது: இம்போர்ட் செய்த பெயர் இந்தக் கோப்பில் வகையிடத்தில் மட்டும் வந்தால், அல்லது எங்குமே வராவிட்டால், அதை எடுத்துவிடு. பெரும்பாலான நேரம் இந்த விதி சரியாகவே நடக்கும். அது பிழைக்கும் இடங்கள் நான்கு.

முதலாவது மேலே பார்த்த மறு எக்ஸ்போர்ட். ஒரு பெயரை இம்போர்ட் செய்து அடுத்த வரியில் எக்ஸ்போர்ட் செய்தாலும் இதே நிலைதான். பெயர் பயன்படுகிறது என்று தெரியும், எப்படிப் பயன்படுகிறது என்று தெரியாது.

இரண்டாவது பக்கவிளைவு. சில கோப்புகளை இம்போர்ட் செய்வதே ஒரு வேலையைச் செய்வதற்காகத்தான். அந்தக் கோப்பு ஓடும்போது ஒரு கூறு பதிவாகும், ஓர் அமைப்பு தயாராகும். அதிலிருந்து ஒரு பெயரையும் எடுத்து, அந்தப் பெயரை வகையாக மட்டும் பயன்படுத்தினால், கம்பைலர் வரியையே தூக்கிவிடும். பதிவும் நடக்காமல் போகும். இங்கே டைப்ஸ்கிரிப்டின் சொந்தக் கம்பைலரும் தப்பவில்லை. பெயர் எதுவும் கேட்காமல் கோப்பை மட்டும் இம்போர்ட் செய்யும் வரியை அது தொடாது என்பதால், ஒரே கோப்பை இரண்டு வரியில் இரண்டு முறை இம்போர்ட் செய்து பலர் சமாளித்தார்கள்.

மூன்றாவது கண்ணுக்குத் தெரியாத பயன்பாடு. ஸ்வெல்ட், வூ ஆகிய கட்டமைப்புகளில் நிரற்பகுதியில் இம்போர்ட் செய்த பெயர், கீழே இருக்கும் பக்க வடிவத்தில் பயன்படும். நிரற்பகுதியை மட்டும் பார்க்கும் டைப்ஸ்கிரிப்டுக்கு அந்தப் பெயர் வீணாகக் கிடப்பதாகத் தோன்றும். எடுத்துவிட்டால் பக்கம் காலியாகும். ரியெக்டின் பழைய முறையில் ரியெக்ட் என்ற பெயரை இம்போர்ட் வரியைத் தவிரக் கோப்பில் வேறெங்கும் எழுதாமலே அடையாளக்குறி எழுத முடிந்தது. மாற்றியபின்தான் அந்தப் பெயர் தேவைப்படும். அதற்காக அந்த ஒரு பெயரைத் தொடாதே என்று கருவிகளில் தனி விதி எழுத வேண்டியிருந்தது.

நான்காவது டெக்கரேட்டர். அங்கியூலர், நெஸ்ட் போன்ற கட்டமைப்புகளில் ஒரு கிளாஸுக்கு எந்தெந்தச் சேவைகள் வேண்டும் என்பதை அதன் கட்டமைப்பானின் வகைகளைப் பார்த்தே கண்டுகொள்ளும் வழி உண்டு. வகையிடத்தில் எழுதிய கிளாஸ் பெயர், டெக்கரேட்டர் விவரத்தை வெளியிடும் தெரிவு இருக்கும்போது ஓடும் நேரத்திலும் தேவைப்படும். ‘வகையிடத்தில் மட்டும் வருகிறது, எடுத்துவிடலாம்’ என்ற ஊகம் இங்கே தலைகீழாகிறது.

தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று ஒரு அளவைக் கழிப்பது நம் மக்களின் நெடுநாள் மனக்குறை. சாக்கின் எடையை நிறுத்துப் பார்த்துக் கழித்தால் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. தராசுக்கு அந்தப் பக்கம் நிற்பவர் மனம்போல் ஒரு தொகையைக் கழிக்கும்போது இழப்பு பறித்தவருக்கு. நிரலிலும் நியாயம் அதுவே. எது கழிக்கத் தக்கது என்பது எழுதியவருக்குத் தெரியும். அவர் அதை வரியிலேயே சொல்லிவிட்டால் கருவி ஊகிக்க வேண்டிய தேவை இல்லை.

அறிவிக்கும் வழி வந்த கதை

எழுதுபவரே அறிவிக்கும் வழியை முதலில் பரவலாக்கியது டைப்ஸ்கிரிப்ட் அல்ல. பேஸ்புக் நிறுவனம் 2014இல் வெளியிட்ட ஃப்ளோ என்ற வகைச் சரிபார்ப்பி, 2015இன் தொடக்கத்திலேயே ‘இம்போர்ட் டைப்’ என்ற வடிவத்தைக் கொண்டுவந்தது. இம்போர்ட் என்ற சொல்லுக்குப் பின்னால் டைப் என்று சேர்த்தால் அந்த வரி வகைக்கு மட்டும் உரியது. எந்தக் கருவியும் மற்றக் கோப்பைப் பார்க்காமலே அதை எடுத்துவிடலாம்.

டைப்ஸ்கிரிப்டுக்கு இந்த வடிவம் வர ஐந்து ஆண்டுகள் ஆயின. 2020 பெப்ரவரியில் வந்த 3.8ஆம் பதிப்பில் இம்போர்ட் டைப், எக்ஸ்போர்ட் டைப் இரண்டும் சேர்ந்தன. நம் அட்டவணைக் கோப்பில் பறிப்பை எக்ஸ்போர்ட் டைப் என்றும், பேர்க்கணக்கைச் சாதாரண எக்ஸ்போர்ட் என்றும் பிரித்து எழுதினால் பிழை தீர்ந்தது. வகையாக மட்டும் பயன்படும் இம்போர்ட்டை எடுப்பதா, வைப்பதா, பிழை என்று சொல்வதா எனத் தேர்ந்தெடுக்க ஒரு தெரிவும் அந்தப் பதிப்பில் கிடைத்தது.

அடுத்த மாதமே, 2020 மார்ச்சில், பேபல் 7.9 இந்த வடிவங்களை ஏற்றது. கூடவே ‘ஒன்லி ரிமூவ் டைப் இம்போர்ட்ஸ்’ என்ற தெரிவையும் தந்தது. அதை இயக்கினால் பேபல் ஊகிப்பதையே விட்டுவிடும். டைப் என்று குறித்த வரியை எடுக்கும், குறிக்காத வரியைத் தொடாது. நம் கேள்விக்கு முழுமையான பதில் ஒரு கருவியில் முதலில் வடிவம் பெற்றது இங்கேதான் என்பது என் கருத்து. ஆனால் அது தெரிவாகவே இருந்தது. இயல்புநிலை பழைய ஊகமே.

2021 நவம்பரில் வந்த டைப்ஸ்கிரிப்ட் 4.5 ஒரே வரியில் சில பெயர்களுக்கு மட்டும் டைப் என்று குறிக்க வழி செய்தது. சம்பளக் கோப்பில் ஒரே இம்போர்ட் வரிக்குள் பறிப்புக்கு முன்னால் டைப் என்று எழுதிவிட்டு, பேர்க்கணக்கை வெறுமனே விடலாம். ஸ்வெல்ட், வூ பாவிப்போருக்காக, பயன்படாதது போலத் தோன்றும் மதிப்பு இம்போர்ட்டுகளை வைத்திருக்கும் இன்னொரு தெரிவும் சேர்ந்தது. இப்போது தெரிவுகள் பல, ஒன்றோடொன்று பின்னியவை. எதை எதோடு சேர்த்து இயக்குவது என்று ஆவணத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டியதாயிற்று.

2023 மார்ச்சில் வந்த 5.0 இந்தச் சிக்கலை அவிழ்த்தது. முந்தைய இரண்டு தெரிவுகளையும் கைவிடும் பட்டியலில் போட்டு, ‘வெர்பேட்டிம் மொடியூல் சின்டாக்ஸ்’ என்ற ஒற்றைத் தெரிவைத் தந்தது. அதன் விதி ஒரு வாக்கியத்தில் அடங்கும்: டைப் என்று குறித்தது போகும், குறிக்காதது எழுதியபடியே நிற்கும். வகையை டைப் என்று குறிக்காமல் இம்போர்ட் செய்தால் கம்பைலர் அங்கேயே பிழை காட்டும்.

இந்த விதியில் கவனிக்க வேண்டிய ஒரு நுட்பம் உண்டு. பறிப்பை மட்டும் வேண்டி இம்போர்ட் செய்யும் ஒரு வரியை இரண்டு விதமாக எழுதலாம். இம்போர்ட் என்ற சொல்லை ஒட்டியே டைப் என்று எழுதினால் வரி முழுவதும் மறையும். கொழுந்துக் கோப்பு ஏற்றப்படாது. அடைப்புக்குறிக்குள் பெயருக்கு முன்னால் டைப் என்று எழுதினால் பெயர் மட்டும் மறையும், வெற்று அடைப்புக்குறியோடு வரி நிற்கும். நின்ற வரி ஓடும் நேரத்தில் கொழுந்துக் கோப்பை ஏற்றி ஓட்டும். பார்வைக்கு ஒன்றாகத் தோன்றும் இரண்டுக்கும் விளைவு வேறு. ஆகவே ஒரு வரியில் எல்லாப் பெயரும் வகை என்றால் டைப் என்பதை வரியின் தொடக்கத்திலேயே எழுதுவது நல்லது. அப்படி எழுதாவிட்டால் சுட்டிக்காட்டும் விதி, நிரலைச் சரிபார்க்கும் டைப்ஸ்கிரிப்ட் ஈஎஸ்லின்ட் தொகுப்பில் இருக்கிறது.

நோட் எடுத்த முடிவு

இதுவரை சொன்னதெல்லாம் மாற்றும் கருவிகளைப் பற்றியது. 2024 ஓகஸ்டில், ஜாவாஸ்கிரிப்டை உலாவிக்கு வெளியே ஓட்டும் நோட்டின் 22.6ஆம் பதிப்பு, டைப்ஸ்கிரிப்ட் கோப்பை நேரடியாக ஓட்டும் சோதனை வசதியைக் கொண்டுவந்தது. 2025 ஜனவரியில் 23.6ஆம் பதிப்பில் அது தனித் தெரிவு இல்லாமலே இயங்கத் தொடங்கியது. அதே ஆண்டு ஜூலையில் 22.18ஆம் பதிப்பிலும் அப்படியே ஆயிற்று. நோட் இதற்கு எஸ்டபிள்யூசியின் மேல் அமைந்த அமாரோ என்ற சிறு தொகுப்பைப் பாவிக்கிறது.

அது செய்யும் முறை அழகானது. வகை இருந்த இடத்தை வெற்றிடத்தால் நிரப்பும். எழுத்துகள் இடம் பெயர்வதில்லை. ஆகவே பிழை வந்தால் காட்டும் வரி எண்ணும் இடமும் மூலக் கோப்பில் இருப்பதே. இடத்தைப் பொருத்திக் காட்டும் தனி வரைபடக் கோப்பு தேவையில்லை. இப்படிச் செய்யும் கருவிக்கு ஊகிக்க இடமே இல்லை. டைப் என்று குறிக்காத வகை இம்போர்ட் அப்படியே நிற்கும், ஓடத் தொடங்கும்போதே நிரல் நிற்கும். நோட்டின் ஆவணமும் டைப் என்ற சொல் கட்டாயம் என்றே சொல்கிறது. வகையைச் சரிபார்க்கும் வேலையை நோட் ஏற்பதில்லை என்பதையும் மறக்கக் கூடாது. அதற்குக் கம்பைலரைத் தனியே ஓட்ட வேண்டும்.

இதற்கு இசைவாக 2025 பெப்ரவரி இறுதியில் வந்த டைப்ஸ்கிரிப்ட் 5.8, வெறுமனே அழித்தால் போதாத வடிவங்களை எழுதினால் பிழை காட்டும் தெரிவைச் சேர்த்தது. எனம், ஓடும் நிரல் கொண்ட நேம்ஸ்பேஸ் ஆகியவை அந்தப் பட்டியலில் வரும். ஜாவாஸ்கிரிப்ட் தரநிலைக் குழுவும் 2022 மார்ச் முதல், வகைக் குறிப்புகளை இயந்திரமே கருத்துரை போலக் கடந்துபோக வேண்டும் என்ற முன்மொழிவை முதற்கட்டத்தில் வைத்திருக்கிறது. அதிலும் இம்போர்ட் டைப் வடிவம் இடம்பெற்றிருக்கிறது. எல்லாப் பாதையும் ஒரே இடத்துக்கு வருகிறது.

பிற மொழிகள் சொல்வது

ஜாவாவில் இந்தக் கேள்வி எழுவதில்லை. அங்கே இம்போர்ட் என்பது நீளப் பெயரைச் சுருக்கி எழுதும் வசதி மட்டுமே. கம்பைல் ஆனபின் கிளாஸ் கோப்பில் அந்த வரி இருக்காது, பக்கவிளைவும் கிடையாது.

உயர்தர வகுப்பில் பைதன் படித்த பிள்ளைகளுக்கு எதிர்ப்பக்கத்து உதாரணம் தெரிந்திருக்கும். பைதன் வகைக் குறிப்பைக் களைவதில்லை. வகைக்காக எழுதிய இம்போர்ட்டும் ஓடும். இரண்டு கோப்புகள் ஒன்றின் வகையை மற்றது கேட்டால் சுழல் இம்போர்ட் உண்டாகிப் பிழை வரும். அதற்கு ‘டைப் செக்கிங்’ என்ற மாறியை நிபந்தனையாக வைத்து, அந்த நிபந்தனைக்குள் வகை இம்போர்ட்டை எழுதுவார்கள். வகைச் சரிபார்ப்பி அதைப் படிக்கும், ஓடும் பைதன் கடந்துவிடும். இதுவும் எழுதுபவர் தாமே அறிவிக்கும் வழிதான். வடிவம் மட்டும் வேறு. 2025 ஒக்டோபரில் வந்த 3.14ஆம் பதிப்பு வகைக் குறிப்புகளைக் கேட்டால் மட்டுமே கணிக்கும்படி மாற்றியது. ஆனால் இம்போர்ட் வரி அங்கே தானாக மறைவதில்லை.

நம் நாட்டிலேயே உருவான உதாரணம் ஒன்று இருக்கிறது. கொழும்பில் தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனம் உருவாக்கிய பலரினா மொழி, 2019 செப்டெம்பரில் 1.0ஆம் பதிப்பை எட்டியது. பலரினாவில் வகைகள் ஓடும் நேரத்திலும் வாழ்கின்றன. வலையிலிருந்து வந்த தரவை ஒரு ரெக்கோர்ட் வகையோடு ஒப்பிட்டு மாற்ற அவை அங்கே தேவை. இம்போர்ட் விடயத்தில் அந்த மொழி கண்டிப்பானது. இம்போர்ட் செய்துவிட்டுப் பயன்படுத்தாவிட்டால் கம்பைலர் பிழை காட்டும். பக்கவிளைவுக்காக மட்டும் ஒரு தொகுப்பு வேண்டுமென்றால், பெயருக்குப் பதில் ஓர் அடிக்கோட்டை இட்டு அதைச் சொல்ல வேண்டும். தரவுத்தளச் செலுத்திகளை அங்கே இப்படித்தான் சேர்க்கிறார்கள். வகையைக் களையும் மொழியும் களையாத மொழியும் ஒரே பாடத்தைச் சொல்கின்றன: வரி எதற்காக இருக்கிறது என்பது வரியிலேயே தெரிய வேண்டும்.

மறுப்புகள்

அறிவிக்கும் வழிக்கு எதிராகச் சொல்லப்படும் காரணங்களில் மூன்று கவனிக்கத் தக்கவை.

முதலாவது, எழுத்து கூடுகிறது, பார்வைக்கு இரைச்சலாக இருக்கிறது என்பது. உண்மைதான். ஆனால் இந்தச் சொல்லை இன்று பெரும்பாலும் எடிட்டரே சேர்க்கிறது. படிப்பவருக்கு அது தரும் செய்தியும் பெரிது. இந்தக் கோப்பு அந்தக் கோப்பை ஓடும் நேரத்தில் நம்பியிருக்கிறதா என்பது ஒரு பார்வையில் தெரிந்துவிடும். சுழல் இம்போர்ட் எங்கே உண்மையில் ஆபத்து, எங்கே வெறும் தோற்றம் என்பதும் தெரியும்.

இரண்டாவது, பழைய கொமன்ஜேஎஸ் திட்டங்களில் வெர்பேட்டிம் தெரிவைப் பாவிப்பது சிரமம். எழுதியபடியே வெளியிட வேண்டும் என்பதால், வெளியீடு கொமன்ஜேஎஸ் ஆக இருக்கும் கோப்பில் புதிய இம்போர்ட் வடிவத்தை எழுத அது அனுமதிப்பதில்லை. இந்த மறுப்பில் நியாயம் உண்டு. அத்தகைய திட்டங்களுக்கு ஐசொலேட்டட் மொடியூல்ஸ் தெரிவும், வகை இம்போர்ட்டை டைப் என்று குறிக்கச் சொல்லும் ஈஎஸ்லின்ட் விதியும் போதும்.

மூன்றாவது, டெக்கரேட்டர் பாவிக்கும் திட்டங்களில் கண்மூடித்தனமாக எல்லா வகை இம்போர்ட்டையும் டைப் என்று மாற்றினால் சேவைகள் இணையாமல் போகும். இதுவும் உண்மை. நெஸ்ட் திட்டத்தில் இருப்பவர் தானியங்கித் திருத்தத்தை ஓட்டுமுன் இதை யோசிக்க வேண்டும். ஆனால் இந்த உதாரணம் அறிவிக்கும் வழியைப் பலவீனமாக்கவில்லை. ஒரு பெயர் ஓடும் நேரத்தில் தேவையா என்பது எழுதியவருக்கே தெரியும், கருவிக்குத் தெரியாது என்பதையே இது உறுதிசெய்கிறது.

வேகம் பற்றியும் ஒரு சொல். 2025 மார்ச்சில் ஹேல்ஸ்பெர்க் டைப்ஸ்கிரிப்ட் கம்பைலரையே கோ மொழிக்கு மாற்றுவதாக அறிவித்தார். ஏறத்தாழ பத்து மடங்கு வேகம் கிடைக்கும் என்றார். கம்பைலரே வேகமானால் ஒவ்வொரு கோப்பாக மாற்ற வேண்டிய தேவை குறையாதா என்று கேட்கலாம். குறையலாம். ஆனால் பக்கவிளைவுச் சிக்கலும் கண்ணுக்குத் தெரியாத பயன்பாட்டின் சிக்கலும் முழுத் திட்டத்தையும் படிக்கும் கம்பைலரிடமும் இருந்தன. வேகம் அவற்றைத் தீர்க்காது.

முடிவு

டைப்ஸ்கிரிப்ட் குழு தன் வடிவமைப்பு நோக்கங்களில், வகைச் சரிபார்ப்பின் முடிவைப் பொறுத்து வெளியீட்டு நிரல் மாறக் கூடாது என்று எழுதிவைத்தது. வகையைப் பார்த்து இம்போர்ட்டைத் தானாக எடுக்கும் பழக்கம் அந்த நோக்கத்தோடு என்றும் பொருந்தவில்லை. 2020 முதல் 2025 வரை நடந்த மாற்றங்கள் மொழியை அதன் சொந்தக் கொள்கைக்குத் திருப்பிக் கொண்டுவந்தவை என்றே நான் பார்க்கிறேன். வகை இம்போர்ட்டை ஊகித்து நீக்கும் காலம் முடிகிறது. அறிவித்து நீக்குவதே இனி முறை. அதுவே சரியும்கூட.

ஆகவே, புதிதாகத் திட்டம் தொடங்கும் பிள்ளைகளுக்கு என் வேண்டுகோள் இது. முதல் நாளே வெர்பேட்டிம் மொடியூல் சின்டாக்ஸ் தெரிவை இயக்குங்கள். வகைகளை டைப் என்று குறித்தே இம்போர்ட் செய்யுங்கள். மறு எக்ஸ்போர்ட்டிலும் அப்படியே. பக்கவிளைவுக்காக ஒரு கோப்பு வேண்டுமென்றால் பெயர் எதுவும் கேட்காத தனி வரியில் அதை எழுதுங்கள். பேபல் பாவிக்கும் பழைய திட்டத்தில் வேலை கிடைத்தால் ஒன்லி ரிமூவ் டைப் இம்போர்ட்ஸ் தெரிவு இயங்குகிறதா என்று முதலில் பாருங்கள். பதுளையிலும் பண்டாரவளையிலும் நிரல் கற்றுத்தரும் ஆசிரியர்கள், மொடியூல் பாடம் நடத்தும் அன்றே இந்த வேறுபாட்டையும் தமிழில் சொல்லிக்கொடுக்க வேண்டும். எக்ஸ்போர்ட் இல்லை என்று திரையில் வரும் பிழையைக் கண்டு, தனக்கு இது வராது என்று ஒரு பிள்ளை விலகிப் போக விடக் கூடாது.